14096-க்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால்

2016 நவம்பர் 30 அன்று பாரிஸில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஒரு ரிவால்வரை ஏலம் விட்டது. ஆறு தோட்டா, 7 மில்லிமீட்டர் குழல், கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும் உருவம். 50,000 முதல் 60,000 யூரோ வரை போகும் என்று மதிப்புப் போட்டிருந்தார்கள். கமிஷனெல்லாம் சேர்ந்து 4,34,500 யூரோவில் போய் நின்றது. அதே ரகத்தில் அதே வயசுத் துப்பாக்கி ஐரோப்பியப் பழம்பொருள் கடைகளில் சில நூறு யூரோவுக்குக் கிடைக்கிறது. மிச்சப் பணமெல்லாம் இரும்புக்கு இல்லை. 1873 ஜூலை 10 அன்று பிற்பகல், பிரஸ்ஸல்ஸ் நகரத்து மலிவான ஓட்டல் அறை ஒன்றில் கவிஞர் பால் வெர்லேன், கவிஞர் ஆர்தர் ரேம்போவைச் சுட்ட துப்பாக்கி இது. விலை அதற்குத்தான்.

ரேம்போ என்ற பெயரைக் கல்லூரி நாட்களில் ஒரு சிறுபத்திரிகையில் முதலில் பார்த்தபோது, தியேட்டரில் பார்த்த ராம்போவை நினைத்து நான் சிரித்தது உண்டு. பிறகுதான் தெரிந்தது, அந்தச் சிரிப்பு முழுக்கத் தப்பில்லை என்று. ராம்போ பாத்திரத்தைப் படைத்த டேவிட் மொரெல் அப்போது ரேம்போவைப் படித்துக்கொண்டிருந்தாராம். மனைவி வாங்கிவந்த ஆப்பிள் ரகத்தின் பெயரும் ராம்போ. இரண்டும் சேர்ந்து வந்த பெயர் அது.

அது கிடக்கட்டும். எனக்கு வேறு கேள்வி. அன்றைக்குச் சுட்டது இந்தத் துப்பாக்கிதான் என்று எப்படித் தெரியும்?

நம் ஊரில் அரை கிரவுண்டு மனை வாங்கப் போனாலும் பத்திர எழுத்தர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, "மூலப் பத்திரம் இருக்கா?" என்பதுதான். அடுத்தது, "வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சா?" யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில், நடுவில் ஒரு கை விட்டுப்போயிருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பார். மனையின் அழகைப் பற்றி அவருக்கு அக்கறை கிடையாது. பழந்துப்பாக்கி சேகரிப்பவர்கள் செய்வதும் அச்சு அசல் இதே வேலைதான்.

அமெரிக்கக் கோல்ட் துப்பாக்கியாக இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், பழைய பேரேட்டைப் புரட்டி, இன்ன நாளில் இன்ன கடைக்கு அனுப்பினோம் என்று கம்பெனியே கடிதம் தருகிறது. நம்முடையது பெல்ஜியச் சரக்கு. லியேஜ் நகரத்தில் அந்தக் காலத்தில் ஒரே பெரிய தொழிற்சாலை என்று எதுவும் இல்லை. சிறுசிறு பட்டறைகள், வீட்டுக்குள்ளேயே வேலை செய்யும் கைவினைஞர்கள். ஒருவர் குழல் கடைவார், இன்னொருவர் பிடி இழைப்பார். சிவகாசியில் ஒரு பட்டாசு பல வீடுகளைத் தாண்டிக் கடைக்கு வருவது போலத்தான். பேரேடு எங்கே தேடுவது?

ஆனால் லியேஜில் ஒன்று உண்டு: முத்திரை. ஊரில் செய்யும் ஒவ்வொரு துப்பாக்கியையும் சோதனைச்சாலையில் அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால் ஒரு நீள்வட்டத்துக்குள் மூன்று எழுத்தும் நட்சத்திரமும் வைத்துக் குத்துவார்கள். 1893-க்குப் பிறகு அந்த வட்டத்தின் தலையில் ஒரு கிரீடம் ஏறியது. சோதித்த அலுவலரின் எழுத்து முத்திரையோ 1877 வரை கிரீடத்தோடும், பிறகு நட்சத்திரத்தோடும் இருக்கும். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, அரிசி முனையளவு கிரீடம் எந்த எழுத்தின் மேல் இருக்கிறது என்று பார்த்தே ஒரு பெல்ஜியத் துப்பாக்கிக்கு வயது சொல்லிவிடுகிறார்கள். 1873-இல் விற்றதாகச் சொல்லிக்கொண்டு வருகிற துப்பாக்கியில் வட்டத்தின் தலையில் கிரீடம் இருந்தால், கதையை அங்கேயே மூடிவிடலாம்.

ரகத்தின் பெயர் லெஃபோஷே. தகப்பன் காசிமிர் லெஃபோஷே கண்டுபிடித்த ஊசித் தோட்டாவை மகன் யூஜின் 1854-இல் ரிவால்வருக்குக் கொண்டுவந்தார். தோட்டாவின் அடிப்பக்கத்தில், பக்கவாட்டில், குண்டூசி போல ஒரு சின்ன ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். சுழலும் உருளையின் ஓரத்தில் ஆறு பள்ளம். ஆறு ஊசியும் அதில் உட்கார்ந்து வெளியே தலைநீட்டும். விசையை இழுத்தால் குதிரை மேலிருந்து இறங்கி ஊசியின் தலையில் அடிக்கும், ஊசி உள்ளே போய்க் கேப்பைக் குத்தும், மருந்து பற்றும். வேலை எளிது, விலை மலிவு. தோட்டாவைச் சும்மா பையில் போட்டுக்கொண்டு நடப்பது மட்டும் புத்திசாலித்தனம் இல்லை. 7 மில்லிமீட்டர் என்பது இந்தக் குடும்பத்தில் சின்ன பிள்ளைகளில் ஒன்று. போருக்குப் போகிற ஆயுதம் கிடையாது. இரவில் வழிப்பறிக்குப் பயந்தவர்கள் வைத்துக்கொண்டது.

அப்படி ஒன்றை வெர்லேன் வாங்கிய கடை பிரஸ்ஸல்ஸ் நகரின் நடுவில், கண்ணாடிக் கூரை போட்ட அழகான கடைவீதியில் இருந்தது. கலெரி த லா ரேன், அரசியார் வீதி. கடைக்காரர் பெயர் மொந்தினி. அதே வீதியில் நோய்ஹவுஸ் என்றொரு மருந்துக்கடை அப்போதே இருந்தது; பின்னாளில் சாக்லேட்டுக்கு உலகப் பெயர் வாங்கிய கடை. ஜூலை 10 காலையில் வெர்லேன் 23 பிராங்க் கொடுத்துத் துப்பாக்கி வாங்கினார். கூடவே ஒரு பெட்டித் தோட்டா. அவருக்கு வயது 29. பாரிஸில் மனைவியும் கைக்குழந்தையும். இவரோ 18 வயதுப் பையன் ரேம்போவோடு லண்டனில் குடித்தனம் நடத்தி, ஒரு நாள் சந்தையிலிருந்து மீனும் எண்ணெயுமாகத் திரும்பி வந்தபோது பையன் சன்னலிலிருந்து கேலி செய்தான் என்று கோபித்துக்கொண்டு கப்பல் ஏறி வந்தவர். தற்கொலை செய்துகொள்வேன் என்று எல்லோருக்கும் கடிதம் போட்டாயிற்று. ரேம்போவும் பின்னாலேயே வந்தான், ஆனால் பாரிஸ் போகிறேன், பணம் கொடு என்றான்.

பிற்பகல் இரண்டு மணி வாக்கில் வெர்லேன் அறைக் கதவைப் பூட்டி, கதவோடு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு முறை சுட்டார். ஒன்று ரேம்போவின் இடது மணிக்கட்டில் பட்டது. மற்றொன்று குறிதவறிப் போனது. பக்கத்து அறையில் வெர்லேனின் அம்மா. அடுத்து நடந்தது எனக்குச் சுட்டதைவிட வியப்பு: மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பினார்கள், அம்மா பையனின் வழிச்செலவுக்கு 20 பிராங்க் கொடுத்தார், மூவருமாகவே ரயில் நிலையத்துக்குக் கிளம்பினார்கள். வழியில், ரூப் சதுக்கம் பக்கத்தில், வெர்லேன் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டார். துப்பாக்கி இன்னும் அங்கேதான் இருந்தது. ரேம்போ ஓடிப்போய் ஒரு போலீஸ்காரரைப் பிடித்துக்கொண்டான்.

கை பைக்குள் போகாமல் இருந்திருந்தால் வழக்கும் இல்லை, கோப்பும் இல்லை, 2016-இல் அந்த ஏலமும் இல்லை. காயம் ஆறியிருக்கும், துப்பாக்கியை எங்காவது அடகு வைத்துக் குடித்திருப்பார். போலீஸ் பறிமுதல் செய்த அந்த நிமிடத்தில்தான் அதற்கு முதல் பத்திரம் எழுதப்பட்டது. ஜூலை 19-இல் ரேம்போ புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டும் நீதிபதி விடவில்லை. ஆகஸ்ட் 8-இல் இரண்டாண்டுச் சிறை, 200 பிராங்க் அபராதம். வாக்குமூலங்களும் மருத்துவர் அறிக்கையும் சேர்ந்த அந்தக் கோப்பு இன்று பெல்ஜிய அரச நூலகத்தில் இருக்கிறது. நூலகத்தின் காப்பாளர்களில் ஒருவரான பெர்னார் பூஸ்மான் இந்த விவகாரத்தைத் துருவி 2006-இல் ஒரு தனி நூலே எழுதினார்.

வழக்கு முடிந்ததும் துப்பாக்கி விற்ற கடைக்கே, மொந்தினியிடமே திரும்பியது. கவிஞர் மோன்ஸ் சிறையில் 252-ஆம் எண் அறையில் பக்திப் பாடல் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய துப்பாக்கி கண்ணாடிக் கூரைக்கடியில் சொகுசாகக் கிடந்தது. 1875 ஜனவரியில் வெர்லேன் விடுதலையானார். 1891-இல் ரேம்போ மார்சேய் ஆஸ்பத்திரியில் ஒரு கால் போய் இறந்தார். 1896-இல் வெர்லேன் போனார். இரண்டு உலகப் போர்களில் இரண்டு முறையும் ஜெர்மன் படை பிரஸ்ஸல்ஸுக்குள் வந்து போனது. 1981-இல் மொந்தினி கடை மூடப்பட்டது. அப்போது கோர்ட் அமீனா வேலையில் இருந்த, துப்பாக்கிப் பிரியரான ஒருவர் கைக்கு அது வந்தது. அவரும் அதை மற்ற துப்பாக்கிகளோடு சேர்த்துப் போட்டு வைத்திருந்தார். லியோனார்டோ டிகாப்ரியோ ரேம்போவாக நடித்த 1995-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்த பிறகுதான் தன்னிடம் இருப்பது என்னவென்று பொறி தட்டியது என்பது அவர் சொன்ன கதை.

படம் பார்த்துத் தோன்றியது என்றால் எந்த எழுத்தரும் சிரிப்பார். துப்பாக்கியில் இருந்த வரிசை எண் 14096. அந்த எண் மொந்தினி கடையின் விற்பனைப் பேரேட்டில் இருக்கிறது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் அந்தப் பேரேட்டை எழுதிய குமாஸ்தாதான். பெயர் தெரியாத மனிதர். எதிரில் நின்றவர் கவிஞர் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு வெர்லேனைப் பெரிய கவிஞர் என்று சொல்ல பிரஸ்ஸல்ஸில் பத்துப் பேர் தேறியிருக்க மாட்டார்கள். தேதி, எண், தொகை. எழுதி முடித்து மையொற்றுத் தாளை அழுத்தியிருப்பார். கவிதை மேல் ஆசை இல்லாத கை எழுதியது என்பதாலேயே அந்த வரியை நான் நம்புகிறேன். ஆசை உள்ளவர்கள் பின்னாளில் எழுதிய சான்றிதழ்களை நம்ப எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

வில்லங்கத்தில் இளப்பமான இடமும் உண்டு, மறைக்க வேண்டாம். நீதிமன்றத்திலிருந்து கடைக்குத் திரும்பிய கட்டம்தான் அது. ரேம்போவின் மணிக்கட்டிலிருந்து ஜூலை 17-இல் குண்டை எடுத்தார்கள். அந்தக் குண்டு மட்டும் கையில் இருந்திருந்தால் குழலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். நூற்றெட்டு வருடம் ஒரே கடைக்குள் இருந்தது என்பதுதான் இந்தச் சங்கிலிக்குப் பெரிய பலம். கை மாறாத பொருளுக்குக் கதை கட்டுவது கஷ்டம்.

இதன் பக்கத்தில் வான்கோவின் துப்பாக்கி என்று சொல்லப்படுவதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அதுவும் 7 மில்லிமீட்டர் லெஃபோஷேதான், ஒரே குடும்பம். 1890 ஜூலையில் ஓவேர் ஊரில் வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டார். 1960-களில் அந்த ஊர் வயலை உழுத விவசாயிக்கு அது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. துரு தின்று, பிடியின் மரமெல்லாம் போய், எலும்புக்கூடு மாதிரி இருக்கிறது. பத்திரம் இல்லை, பேரேடு இல்லை. கிடைத்த இடமும், துருவின் ஆழமும், குழலின் அளவும்தான் சாட்சி. 2019 ஜூனில் பாரிஸில் 1,62,500 யூரோவுக்குப் போனது. பட்டா இல்லாத நிலத்துக்கும் ஆள் வருவார்கள், விலைதான் கொஞ்சம் இறங்கும்.

ரேம்போவின் புத்தகத்துக்கும் இந்தத் துப்பாக்கிக்கும் ஒரே தலையெழுத்து. சுட்ட காயம் ஆறிய கையோடு அவர் எழுதி முடித்த 'நரகத்தில் ஒரு பருவம்' அதே 1873-இல், அதே பிரஸ்ஸல்ஸில் 500 பிரதி அச்சானது. அச்சுக்கூலி முழுதாகத் தரவில்லை. சில பிரதிகளோடு ஆள் போய்விட்டார். மிச்சத்தை அவரே எரித்துவிட்டார் என்று ஊர் நம்பியது. 1901-இல் லேயோன் லோசோ என்ற மோன்ஸ் நகர வழக்கறிஞர், அச்சகத்தின் கிடங்கில் வேறு எதையோ தேடப் போய், தூசி படிந்த கட்டாக நானூற்றுச் சொச்சம் பிரதிகளைக் கண்டுபிடித்தார். பணம் வராத சரக்கு என்று அச்சகத்தார் தொடாமல் விட்டுவைத்திருந்தார்கள். 2015-இல் மோன்ஸ் நகரத்தில் வெர்லேனின் சிறை நாட்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தபோது துப்பாக்கியும் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தது. அடுத்த வருடம் ஏலம்.

கவிதையை விட்டுவிட்டுப் போன ரேம்போ கடைசியில் செய்த தொழில்களில் ஒன்று துப்பாக்கி வியாபாரம். 1885 டிசம்பரில், தஜூரா வளைகுடா ஓரத்துத் தஜூரா கிராமத்தில் ஒட்டகங்களுக்காகக் காத்துக்கொண்டு வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் கணக்கை அவரே போட்டுக் காட்டுகிறார். நாற்பது வருடத்துக்கு முன்பே கழித்துப்போட்ட பழைய ரைபிள்கள், லியேஜிலோ பிரான்ஸிலோ பழைய சாமான்காரரிடம் ஒன்று ஏழெட்டு பிராங்குக்குக் கிடைக்கும், அபிசீனியாவின் ஷோவா அரசன் மெனலிக்கிடம் நாற்பது பிராங்குக்கு விற்கலாம். லியேஜ் சரக்கு தன் கையில் என்ன செய்தது என்பதை அந்தக் கடிதத்தில் அவர் சொல்லவில்லை. இடது மணிக்கட்டில் தழும்போடுதான் அந்தக் கூட்டலைப் போட்டிருப்பார். ஒட்டக முதுகில் பாலைவனம் தாண்டிப் போன அந்த ரைபிள்களின் எண்களை எழுதிவைக்க அங்கே மொந்தினி கடைக் குமாஸ்தா யாரும் இல்லை.