தந்தப் பிடில் பெற்ற தஞ்சை வடிவேலு

சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சூழ்ந்த ஊர்களுள் ஒன்று செம்மநத்தம். அங்குள்ள தோழர்களோடு ஒரு மாலைப்பொழுதில் காப்பி அருந்திக்கொண்டிருந்தோம். வானொலியில் வயலின் ஒலித்தது. "வேத காலத்திலேயே நம்மவரிடம் இருந்த கருவியாமே இது? தனுர் வீணை என்கிறார்களே!" என்றார் ஓர் இளைஞர். அவர் கையிலிருந்த குவளையைச் சுட்டிக்காட்டினோம். காப்பி ஏது இம்மலைக்கு? சேலத்துக் கலெக்டர் காக்பர்ன் 1820களில் கொண்டுவந்தது. அதற்காக அதனை எந்த முனிவரும் தவத்தில் கண்டதாகக் கதை கட்டவில்லை. வயலினுக்கு மட்டும் ஏன் கட்டுகிறார்கள்?

அது இத்தாலி நாட்டில் 16ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற கருவி. கிழக்கிந்தியக் கும்பினியாரின் கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. மணலி முதலியார் ஆதரவில் வாழ்ந்த பாலுசாமி தீட்சதர் (1786–1858), ஓர் ஐரோப்பியரிடம் அதனைக் கற்று, நம் இசைக்கு ஏற்றவாறு பழக்கினார். முத்துசாமி தீட்சதரின் தம்பி அவர். முதற்புகழ் அவருக்குரியது, பிறப்பைப் பார்த்து அதை மறைப்பது நமக்கு அழகன்று. ஆனால், அதே அளவுகோலால் இன்னொருவரையும் அளக்க வேண்டுமல்லவா? அவர்தாம் தஞ்சை வடிவேலு.

சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வருள் இளையவர், 1810இல் பிறந்தவர். கோயிலிலும் அரண்மனையிலும் ஆடற்பெண்டிர்க்குப் பயிற்சி தந்த நட்டுவனார் மரபு. முத்துசாமி தீட்சதரிடம் நால்வரும் இசை பயின்றனர். வடிவேலு பிடிலைக் கைக்கொண்டார்.

யாரிடம் கற்றார்? சுவார்ட்சு பாதிரியாரிடம் என்று சிலர் எழுதிவிட்டனர். சுவார்ட்சு தஞ்சையிலே மறைந்தது 1798இல்! தாம் மறைந்து பன்னிரண்டாண்டு கழித்துப் பிறந்த பிள்ளைக்கு அவர் எவ்வாறு பாடம் சொன்னார்? புராணம் எழுதிப் பழகிய கை, வரலாறு எழுதும்போதும் பழக்கத்தை விடுவதில்லை போலும். இத்தகைய அற்புதம் வடிவேலுவுக்குத் தேவையில்லை. 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசியின் அரண்மனையில் மேனாட்டு வாத்தியக்குழுவே இருந்தது. பிடிலொலி தஞ்சைக்குப் புதிதன்று.

அவரது திறன் எதில்? கருவியில் மெட்டுகள் இல்லை. விரல் தடையின்றி வழுகிச் செல்லும். குரல் வளைகிற இடமெல்லாம் தந்தியும் வளையும். நம் இசையின் உயிரே அந்த வளைவில் இருக்கிறது. ஐரோப்பியர் நின்று, தோளில் தாங்கி வாசித்த கருவியை, நாளடைவில் நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளைச் ச-ப-ச-ப என மாற்றிச் சுருதி கூட்டி வாசிக்கலாயினர். வந்த பொருளை வணங்காமல், வேலைக்கேற்ப வளைத்துக்கொண்டனர். பகுத்தறிவு என்பது இதுதானே!

தஞ்சையிலிருந்து வடிவேலு திருவிதாங்கூர் சென்றார். அங்கே சுவாதித் திருநாள், கலை விரும்பிய இளமன்னர். வடிவேலுவைவிட மூன்றாண்டு இளையவர். அவரது அவையில் வடிவேலு வருணங்கள் இயற்றினார், மோகினியாட்டம் சீர்பெறத் துணை நின்றார், பிடிலைப் பாட்டுக்குத் துணையாக நிலைநாட்டினார். 1834இல் மன்னர் அவருக்குத் தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார். தஞ்சையிலே வழித்தோன்றல்கள் அதனைப் போற்றிக் காத்துவந்தனர். நாற்பது வயதை எட்டாமலே வடிவேலு மறைந்தார். மன்னர் 1846இல் மறைந்தபோது வயது முப்பத்துமூன்று.

பரிசைப் பற்றிப் பேசுவோர் மன்னரின் கொடைத்திறத்தையே பேசுகின்றனர். பெற்றவரின் உழைப்பு, கொடுத்தவரின் புகழுக்கு அடிக்குறிப்பாகிவிடுகிறது! அந்த நால்வர் வகுத்த அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வருணம், பதம், தில்லானா என்னும் வரிசையில்தான் இன்றும் பரதநாட்டிய மேடை நடக்கிறது. ஆனால் அக்கலைக்குச் சமூகம் வைத்திருந்த பெயர் 'சின்னமேளம்'. இசைப்போர், ஆடுபவளின் பின்னே நின்றவாறே நெடுநேரம் வாசிக்க வேண்டியிருந்தது. மத்தளத்தை இடுப்பிலே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கலை இனித்தது, கலைஞர் குடும்பமோ ஏளனத்துக்குரியதாயிற்று. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமை 1947இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. அதற்கு முத்துலட்சுமி அம்மையார் நடத்திய போராட்டத்தை நாம் மறவோம். வழக்கம் ஒழிய வேண்டியதே. ஆயினும், கலையை எடுத்துக்கொண்டவர்கள் கலைக்குடியினரைக் கைகழுவியதை எந்தச் சட்டம் கேட்டது?

அந்த மரபில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1869–1954) ருக்மணி தேவி கற்றார். 1936இல் கலாசேத்திரம் எழுந்தது. பிடிலிலோ மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை, துவாரம் வேங்கடசாமி நாயுடு, கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளை என வில்லேந்திய கைகள் தொடர்ந்தன. இராசமாணிக்கம் பிள்ளைக்குச் சென்னை மியூசிக் அகாதமி சங்கீத கலாநிதிப் பட்டம் வழங்கியது 1948இல்.

இவற்றை நாம் சொல்லி முடிப்பதற்குள் வானொலியில் கச்சேரி முடிந்து, செய்தி தொடங்கிவிட்டது. தனுர் வீணை கேட்ட இளைஞர் ஒரு தாளை எடுத்து, '1810, தஞ்சை, வடிவேலு' என்று குறித்துக்கொண்டார். பிறகு, "அந்த அரண்மனைகளில் ஆடிய பெண்களின் பெயர்கள் எங்கே கிடைக்கும் அண்ணா?" என்று கேட்டார்.