கருவிழி அழற்சி: நோய்க் குறியீடு

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டுப் பத்தாம் பதிப்பில் கருவிழிப்படல அழற்சி எச்16 என்னும் தலைப்பின்கீழ் வருகிறது. இதில் எச்16.0 கருவிழிப் புண், எச்16.2 விழிவெண்படலமும் சேர்ந்து அழன்ற நிலை, எச்16.3 ஆழ்படல அழற்சி, எச்16.4 கருவிழியில் புதிய ரத்தக் குழாய்கள் தோன்றுவது. வகை தெரியாவிட்டால் எச்16.9.

2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்க மருத்துவமனைகள் பயன்படுத்தும் விரிந்த வடிவம் இதை இன்னும் நுணுக்குகிறது. வயலில் நெல் தாளோ சோளத் தோகையோ கண்ணில் பட்டுப் பூஞ்சைப் புண் வந்தால் அது எச்16.06, கடைசியில் 1 சேர்ந்தால் வலக்கண், 2 இடக்கண், 3 இரு கண்கள். ஆக, எச்16.062 என்பது இடக்கண்ணின் பூஞ்சைப் புண். எந்தக் கண் என்று குறிக்காதபோது 9 வரும். நோயாளியைப் பார்த்தபின் இந்த 9-ஐ எழுதுவதற்குப் பெரும்பாலும் நியாயமில்லை.

எல்லாக் கருவிழி அழற்சியும் எச்16-க்குள் அடங்கிவிடாது. குறியிடுவோர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எளிய அக்கி வைரஸால் வரும் அழற்சி தொற்றுநோய் அத்தியாயத்துக்குப் போய் பி00.52 ஆகிறது, அக்கி அம்மையால் வருவது பி02.33. மருத்துவர் குறிப்பில் வெறுமனே 'கருவிழி அழற்சி' என்று மட்டும் இருந்தால் எச்16.9-ஐத் தவிர வேறு வழியில்லை. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் கண் நோய்க் குறியீடுகள் 9 என்ற எண்ணில் தொடங்குகின்றன.