சுவிஸ் பொது ஒலிபரப்பில் மொழிக்கொள்கை

சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஆர்ஜி எஸ்எஸ்ஆர், 1931இல் தொடங்கப்பட்டது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரொமான்ஷ் ஆகிய நான்கு மொழிகளுக்கும் அதில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு; ஒரு மொழியில் ஆக்கி மற்றவற்றில் பெயர்த்துவிடும் ஏற்பாடு அன்று. மக்கள் செலுத்தும் ஒலிபரப்புக் கட்டணத்தில் பெரும்பங்கு ஜெர்மன் பகுதியில்தான் திரள்கிறது. அதில் கணிசமான தொகை சிறிய மொழிகளுக்குப் போகிறது. இது சலுகையன்று, நியாயம். செய்தியறைக்கும் ஒலிக்கூடத்துக்கும் ஆகும் செலவு, கேட்போர் குறைவு என்பதால் குறைந்துவிடாது. தலைக்கணக்கில் பங்கிட்டால் இத்தாலிய மொழிக்கு முழுமையான ஒரு தொலைக்காட்சிகூட மிஞ்சாது.

ரொமான்ஷ் பேசுவோர் மக்கள்தொகையில் 1 சதவீதத்துக்கும் குறைவு. அவர்களுக்கு ஜெர்மனும் தெரியும், பிறகு எதற்குத் தனி வானொலி என்று கேட்கப்படுகிறது. ஜெர்மன் புரிவது வேறு, வரியையும் தேர்தலையும் தன் மொழியில் பேசிப் பழகுவது வேறு. அந்தப் பழக்கம் விட்டுப்போனால் மொழி அடுக்களைக்குள் ஒடுங்கிவிடும். ரொமான்ஷுக்கு ஐந்து எழுத்து வழக்குகள் உண்டு. அவற்றுக்குப் பொதுவான ஓர் எழுத்துநடை 1982இல் வகுக்கப்பட்டது. கூர் நகரிலுள்ள ரொமான்ஷ் பிரிவான ஆர்டிஆர் நிலையத்தில் செய்தி அந்தப் பொதுநடையில் ஒலிக்கும். பேட்டியில் பள்ளத்தாக்கு மனிதர் தம் வழக்கிலேயே பேசுவார். பெரும்பான்மையினர் இச்செலவை நெடுநாள் பொறுக்கமாட்டார்கள் என்ற வாதமும் உண்டு. ஆனால் கட்டணத்தையே ஒழிக்கக் கோரிய 2018 மார்ச் வாக்கெடுப்பில் 71.6 சதவீதத்தினர் மறுத்தனர். ஜெர்மன் பேசும் மாநிலங்களில் ஒன்றுகூட ஒழிப்புக்கு ஆதரவளிக்கவில்லை.