நிறம்பாலியும் பைனும்

சத்தியமங்கலத்தில் கல்யாணப் பந்தலானாலும் கட்டடச் சாரமானாலும் ஊன்றுவது சவுக்குக் கழியைத்தான். வெட்டாமல் நிற்கும் சவுக்குத் தோப்பைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் அதை மலைப்பக்கத்து ஊசியிலை மரம் என்றே நினைத்துக்கொள்வார்கள். உச்சி கூராகப் போகிறது. பச்சை ஊசிகள் கொத்தாகத் தொங்குகின்றன. காற்றடித்தால் இரைச்சல் எழுகிறது. காலடியில் சின்னச் சின்னக் கூம்புகள் உதிர்ந்து கிடக்கின்றன. இவ்வளவும் பைன் மரத்துக்குச் சொல்லப்படும் அடையாளங்கள். ஆனால் சவுக்கு ஊசியிலை இனத்தைச் சேர்ந்ததே இல்லை.

அந்தப் பச்சை ஊசியைக் கையில் எடுத்து மெல்ல இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஊசியாகத் தெரிவது ஒரு மெல்லிய கிளை. அதன் உண்மையான இலை, ஒவ்வொரு கணுவைச் சுற்றியும் வட்டமாக ஒட்டியிருக்கும் பொடிச் செதில். சவுக்கு பூக்கும் மரம், விதையைக் கனிக்குள் பொதிந்து வைக்கும் மரம். அந்த வகையில் அது வேம்புக்கும் புளிக்கும்தான் உறவு. தென்கிழக்கு ஆசிய, ஆஸ்திரேலியக் கரைகளைச் சேர்ந்த இந்த மரத்தை 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கடற்கரையோரம் பெருந்தோப்புகளாக வளர்த்தார்கள். ரயில் எஞ்சின்களுக்கு விறகு தேவைப்பட்டது. நிலக்கரி வந்து விறகின் தேவை போன பிறகு பந்தலும் சாரமும் காகித ஆலையும் அதைத் தாங்கிக்கொண்டன.

இதற்கு நேர் எதிரான மரம் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் இருக்கிறது. அதன் இலை நாவல் இலை போல அகலமானது, பளபளப்பானது. ஈரமான சோலைக்காட்டில் மற்ற மரங்களோடு மரமாக நிற்கும்போது அதை யாரும் ஊசியிலை மரம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் தென்னிந்தியக் காடுகளில் யாரும் நடாமல் தானாக வளரும் ஊசியிலை இன மரம் அது ஒன்றுதான். நிறம்பாலி என்றும் நரம்பாலி என்றும் தமிழில் அதற்குப் பெயர்கள் உண்டு. தாவரவியலார் அதை ‘நகேயா வாலிச்சியானா’ என்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளில், முக்கியமாக அகத்தியமலை, களக்காடு முண்டந்துறைப் பகுதியின் பசுமைமாறாக் காடுகளில் அதைக் காணலாம். வடகிழக்கு இந்தியாவிலும் மியான்மர் தொடங்கி நியூகினியா வரையிலும் அதே மரம் வளர்கிறது. இடையில் உள்ள இந்தியச் சமவெளி முழுக்க அது கிடையாது.

நிறம்பாலியை அறிய இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். மாவிலையிலும் பலாவிலையிலும் நடுவே தடித்த நரம்பு ஒன்று ஓடும், அதிலிருந்து பக்க நரம்புகள் கிளைக்கும். நிறம்பாலியில் நடுநரம்பே இல்லை. மெல்லிய நரம்புகள் பல, காம்பிலிருந்து நுனி வரை பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. இலைகள் எதிரெதிரே ஜோடியாக அமைகின்றன. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூவும் கனியும் இல்லை. பெண் மரத்தில் சதைப்பிடித்த காம்பின் மேல் ஒரு விதை வெளியே தெரியும்படி உட்கார்ந்திருக்கும். விதையை மூடிக் காக்கும் சூலறை கிடையாது. பைனும் தேவதாருவும் நிறம்பாலியும் ஒரே பெருங்குடும்பமாவது இந்தத் திறந்த விதையால்தான். இலையின் வடிவம் அதில் இரண்டாம் பட்சம்.

இப்படி அரிதாகிவிட்ட ஊசியிலை இனம் தமிழ் நிலத்தில் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஓடைக்கரையில் கிடக்கும் கல்மரம் 18 மீட்டருக்கு மேல் நீளமானது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதைப் பற்றி எழுதினார். டைனோசர்கள் வாழ்ந்த கிரட்டேசியக் காலத்தில் அந்தப் பகுதி கடலோரமாக இருந்தபோது வீழ்ந்து புதைந்த ஊசியிலை இன மரம் அது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள் அவ்வளவு பழையவை அல்ல, ஏறக்குறைய 2 கோடி ஆண்டு வயது. அவற்றில் பெரும்பாலானவை பூக்கும் மரங்கள்தாம். ஆனால் நிறம்பாலியின் குடும்பத்துக்கு நெருங்கிய கட்டைகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. பூக்கும் மரங்கள் சமவெளியைப் பிடித்துக்கொண்ட பின், அந்தப் பழைய வம்சத்தில் மிஞ்சியது மழை தவறாத சில மலைச்சரிவுகளோடு நின்றுவிட்டது.

சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் நிறம்பாலியைத் தேடிப் பயனில்லை. 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது. ஆனால் நீலகிரி தடுத்துவிட்ட தென்மேற்குப் பருவமழையின் மிச்சம்தான் இங்கே வந்து சேர்கிறது. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கண்ணில் படுவது உசிலும் வெக்காலியும் மூங்கிலும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் முள்மரங்கள். ஆச்சாவும் சந்தனமும் வளரும் வறண்ட காடு இது. சோளகரும் ஊராளிகளும் நெல்லிக்காயும் கடுக்காயும் தேனும் சேகரிக்கும் இந்தக் காட்டில் ஊசியிலை மரத்துக்கு வேலை இல்லை. ஊசியிலைக் கதை நடந்தது மாயாற்றுக்கு அந்தப் பக்கம் சுவராக எழும் நீலகிரியில். அந்த நீலகிரியும் 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். அவர் கண்ட மலையுச்சியில் பெரும்பகுதி புல்வெளி. மடிப்புகளில் மட்டும் குட்டை மரங்கள் அடர்ந்த சோலைகள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த அந்தப் புல்வெளியைக் கண்ட வெள்ளைக்கார அதிகாரிகளில் பலர், காடு அழிந்து போனதால் வெறுமையான நிலம் என்றே எடுத்துக்கொண்டார்கள். உதகையில் வீடுகள் பெருகின. குளிருக்குக் கணப்பு எரிக்க, சமைக்க, செங்கல் சுட எல்லாவற்றுக்கும் சோலை மரங்களை வெட்டினார்கள். ஒரு தலைமுறைக்குள்ளேயே விறகுப் பஞ்சம் வந்தது. சீகை என்று மலைமக்கள் சொல்லும் ஆஸ்திரேலிய வாட்டில் மரங்களும் கற்பூர மரம் எனப்படும் யூக்கலிப்டசும் 1840களில் வந்து இறங்கின. 1863இல் உதகை அருகே ஆரம்பியில் கற்பூர மரத் தோட்டம் போடப்பட்டது.

ஊசியிலை மரங்கள் அந்த அவசரத்தில் வரவில்லை. அவை முதலில் அழகுக்காக வந்தவை. லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற டபிள்யூ.ஜி. மெக்ஐவர் 1848இல் உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். குன்னூரில் சிம்ஸ் பூங்கா 1874இல் எழுந்தது. கலிஃபோர்னியக் கரையின் சைப்ரஸ், ஜப்பானின் கிரிப்டோமேரியா, ஆஸ்திரேலியாவின் அரவுகேரியா ஆகியவை இந்தப் பூங்காக்களிலும் தேவாலய வளாகங்களிலும் பங்களா வேலிகளிலும் வேரூன்றின. உதகைப் பூங்காவின் புல்தரையில் 2 கோடி ஆண்டுக் கல்மரத் துண்டு ஒன்றும் வைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி உயிரோடு நிற்கும் ஊசியிலை மரங்கள் எல்லாமே வெளியிலிருந்து வந்து 200 ஆண்டுகூட ஆகாதவை.

வந்தவர்களை ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரித்தறிவது கடினமில்லை. பைனின் ஊசிகள் தனித்தனியாக முளைப்பதில்லை. அடியில் ஒரு சிறு உறைக்குள் சேர்ந்து கற்றையாக வரும். நீலகிரியில் நிற்கும் பைன்களில் பெரும்பாலும் கற்றைக்கு மூன்று ஊசி. ஊசிகள் நீளமாக, தளர்ந்து, தலைமுடி வாரிவிட்டதுபோல் தொங்கினால் அது மெக்சிகோவின் பட்டுலா பைன். அதன் காம்பில்லாத கூம்புகள் கிளையைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உதிராமல் இருக்கும். சில இடங்களில் அது இமயத்தின் சிர் பைனாகவும் இருக்கலாம். சைப்ரசுக்கு ஊசியே இல்லை. கிளையோடு அப்பிக்கொண்ட பச்சைச் செதில்களும், கோலி அளவுக்கு உருண்டையான கட்டைக் கூம்புகளும் அதைக் காட்டிக்கொடுக்கும். கிரிப்டோமேரியாவின் இலைகள் உள்நோக்கி வளைந்த குட்டைக் கொக்கிகள், கிளையைச் சுற்றிச் சுழலாக ஏறும். அரவுகேரியாவில் கிளைகள் அடுக்கடுக்காக வட்டமிட்டு வருவதால்தான் ஊர்க்காரர்கள் அதைக் கிறிஸ்துமஸ் மரம் ஆக்கிவிட்டார்கள். அதிலே பன்யா என்ற வகையின் இலை முள்ளாகக் குத்தும். அதன் கூம்பு ஒரு தேங்காயைவிடக் கனமாகி, மேலேயிருந்து விழுந்தால் மண்டையை உடைக்கும்.

பைன் பூங்காவை விட்டு வெளியே வந்து மலைச்சரிவில் பரவியது சுதந்திரத்துக்குப் பின். ஆலைகளுக்கு மரக்கூழ் தேவைப்பட்டது, நீண்ட நாருக்குப் பைன் பெயர்பெற்றது. கற்பூர மரமும் சீகையும் ஏற்கெனவே புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. முதலில் உலகெங்கும் வேகமாக வளரும் ராடியேட்டா பைனின் மேல் நம்பிக்கை வைத்தார்கள். ஈரமும் மூடுபனியும் நிறைந்த மலைகளில் அதற்கு ஓர் எதிரி இருந்தது. டோதிஸ்ட்ரோமா என்ற பூஞ்சை அதன் ஊசிகளைச் செம்பழுப்பாக்கி உதிர்க்கும். 1950களின் பிற்பகுதியில் தொடங்கி கிழக்கு ஆப்பிரிக்காவின் ராடியேட்டா தோட்டங்களைக் கெடுத்த அந்த நோய் நீலகிரியிலும் தலைகாட்டியது. பட்டுலா அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. இன்று தலைக்குந்தா பைன் காட்டில் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் குடும்பங்கள் பலவும் அதை மலையின் ஆதிக்காடு என்றே நம்புகின்றன. பல சினிமாப் பாட்டுகள் அந்த நம்பிக்கையை வளர்த்தன. வரிசை பிசகாமல் ஒரே வயதில் நிற்கும் மரங்கள், அடியில் வழுக்கும் சருகு மெத்தை, புல்லோ செடியோ அரிதாகவே முளைக்கும் தரை என்று நட்ட காட்டின் தடயங்கள் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன.

அந்தப் புல்வெளி மனிதர் கெடுத்த காடல்ல என்பதற்குச் சான்று மண்ணுக்கடியிலேயே இருந்தது. நீலகிரியின் சதுப்புப் பள்ளங்களில் சேர்ந்த கரிமண்ணை ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 20 ஆயிரம் ஆண்டுகளாகப் புல்லும் சோலையும் தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாறி மாறி வந்திருப்பதை அது காட்டியது. பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வின்படி, அந்த நாற்பதாண்டில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சீகை, கற்பூர மரம், பைன் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இது கொங்கு நாட்டுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. மாயாறும் பவானியும் நீலகிரியில் பிறந்து பவானிசாகரில் கூடுகின்றன. 1955இல் முடிந்த அந்த அணையின் கீழ்பவானி வாய்க்காலை நம்பி 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் ஆயக்கட்டு இருக்கிறது. உதகையில் உள்ள மண்வள, நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளன்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் பாதிக்குமேல் கற்பூர மரம் நட்டு ஆண்டுக்கணக்கில் நீரை அளந்தார்கள். மரம் நட்டதில் முதல் சுற்றில் 16 விழுக்காடும், வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் 25 விழுக்காடு அளவுக்கும் நீர் குறைந்தது. அளந்தது கற்பூர மரத்தை, பைனை அல்ல. ஆனால் புல்வெளியை மரத்தோப்பாக்கினால் ஓடைக்கு என்ன ஆகும் என்பது கோபியிலும் சத்தியிலும் நெல்லும் மஞ்சளும் போடுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய கணக்கு.

எது இந்த மண்ணின் மரம், எது வந்த மரம் என்று பதிந்துவைத்த வேலையும் பெரும்பாலும் கொங்கு மண்ணோடு பிணைந்ததுதான். ராபர்ட் வைட் 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியை வளர்த்துப் பார்க்கும் அரசாங்கப் பொறுப்பில் இருந்தார். அதே ஆண்டுகளில்தான் தென்னிந்தியத் தாவரங்களின் படத்தொகுதிகளையும் நீலகிரித் தாவரங்களுக்கான நூலையும் வெளியிட்டார். கோயம்புத்தூரில் வனப் பயிற்சிக் கல்லூரி நடத்திய சி.இ.சி. ஃபிஷர், ஆனைமலைத் தாவரங்களை ஆய்ந்து 1921இல் எழுதினார். ஜே.எஸ். கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரநூலை, அவர் மறைந்த பின் 1936இல் முடித்துவைத்தவரும் ஃபிஷர்தான். அந்தக் காலத்து உலர்தாவரத் தாள்கள் இன்றும் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையத்தில் உள்ளன. 1902இல் எச்.ஏ. காஸ் தொடங்கிய வன அருங்காட்சியகமும் அதே ஊரில். சத்தியமங்கலத்திலிருந்து 70 கிலோமீட்டர் போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதையெல்லாம் நேரில் பார்க்கலாம். பார்க்க வேண்டும்.

தமிழக அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. சத்தியமங்கலத்தில் அதன் முதல் குறி உண்ணிச்செடியும் மாயாற்றோரச் சீமைக்கருவேலமும். மேலே நீலகிரியில் சீகையும் பைனும். பைனை வெட்டித் தள்ளினால் ஆயிற்று என்று சொல்வது எளிது. ஆனால் சோலையை ஒட்டிய சில பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே எழும்பியிருக்கின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும், வெயில் பட்ட தரையில் சீகை விதைகள் கிளம்பும். திறந்த புல்வெளியின் நடுவில் நட்ட பைனுக்கு இந்தச் சலுகை வேண்டியதில்லை.

உள்ளூர் மரம் என்பதால் பைன் போன இடத்தில் நிறம்பாலியை வைக்கலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கக்கூடும். கூடாது. இமயத்தின் சிர் பைன் இந்திய மரமாயிருந்தும் நீலகிரிப் புல்வெளிக்கு அந்நியம். அகத்தியமலைச் சோலையின் நிறம்பாலியும் அங்கே அதே அளவுக்கு அந்நியம். அதனால்தான் நீலகிரியிலும் பழனியிலும் மீட்புப் பணி செய்கிறவர்கள் மரக்கன்றுகளோடு நிறுத்திக்கொள்ளாமல் மலைப்புல்லுக்கும் நாற்றங்கால் போடுகிறார்கள். தூர்தூராகப் பிரித்து வளர்த்து, மழை தொடங்கியதும் மரம் அகற்றிய சரிவில் நடுகிறார்கள்.