கச்சேரி நாடா வந்த வழி

திருமருகலில் 1898-ல் பிறந்து 1956-ல் மறைந்த நாயன வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை, சுவாமி புறப்பாட்டில் தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசிப்பார் என்று காவிரிக்கரையில் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதே தோடி இசைத்தட்டில் ஏறியபோது, பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் கிடைத்தது. ராகம் விரியத் தொடங்கும் இடத்தில் தட்டு தீர்ந்துவிடும். வீதியில் ஒலித்ததற்கும் தட்டில் கிடைத்ததற்கும் நடுவே இருந்த இந்தப் பெரிய பள்ளத்தை நிரப்ப வந்ததுதான் கச்சேரி நாடா.

காந்த நாடாவில் ஒலியைப் பதியும் கருவி 1935-ல் ஜெர்மனியில் அறிமுகமானது. உலகப் போருக்குப் பிறகு மற்ற நாடுகளுக்குப் பரவி, கொஞ்ச காலத்தில் நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் காவிரி டெல்டாவின் காதுகளைப் பழக்கி வைத்திருந்தது. வசதியுள்ள வீடுகளில் கிரண்டிக், பிலிப்ஸ், அகாய் என்று ஸ்பூல் டேப்ரிக்கார்டர்கள் வந்ததும், வானொலிக் கச்சேரியை வீட்டிலேயே பதிவு செய்தார்கள். கல்யாணப் பந்தலுக்கும் உற்சவ மேடைக்கும் கருவியைத் தூக்கிப் போனார்கள்.

ஏழு அங்குல ஸ்பூலில் 1,200 அடி நாடா இருக்கும். விநாடிக்கு 7½ அங்குலம் ஓடவிட்டால் ஒரு பக்கத்துக்கு 32 நிமிடம். 3¾ அங்குலம் ஓடவிட்டால் 64 நிமிடம். வேகமாக ஓடினால் ஒலி துல்லியம், மெதுவாக ஓடினால் செலவு மிச்சம். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு எத்தனை ஸ்பூல் வாங்க முடியும் என்று கணக்குப் போட்டவர்கள் மெதுவான வேகத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பிறவியிலேயே பல பதிவுகளின் தரம் இப்படி நிர்ணயமாகிவிட்டது.

தரத்தை நிர்ணயித்த அடுத்த விஷயம், மைக் எங்கே இருந்தது என்பது. சம்பா அறுவடை நெருங்கும் தை மாதத்து வாக்கில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. அதைத் தொடர்ந்து ஊர் ஊராகத் திருவிழாவும் கல்யாணமும். இந்த மேடைகளில் மைக் செட்டுக்காரரிடம் கேட்டு ஆம்ப்ளிஃபயரிலிருந்தே ஒயர் எடுத்துப் பதிந்தால் பாடகர் குரல் காதருகில் நிற்கும். ஆனால் மேடையில் எந்த மைக் எதை அதிகமாக வாங்கியதோ அதுவே பதிவிலும் ஓங்கும்; வயலின் தள்ளிப்போகும், மிருதங்கத்தின் தொப்பி அமுங்கும். தனி மைக்கோடு முன்வரிசையில் உட்கார்ந்தவர் பதிந்ததில் குழந்தை அழும், சொம்பு உருளும், பக்கத்திலிருப்பவர் தாளம் போடுவது கேட்கும். ஆனாலும் வாத்தியங்கள் ஒன்றோடொன்று கலந்த அளவு, கேட்டவர் காதில் விழுந்த அதே அளவு. நாயனக் கச்சேரிக்கு இரண்டாவது முறையே பொருத்தம் என்பது என் கருத்து. நாயனமும் தவிலும் திறந்தவெளிக்கென்றே வளர்ந்த வாத்தியங்கள். ஒலி காற்றில் கொஞ்சம் நடந்துவந்து சேரும்போதுதான் அவற்றுக்கு முழு உருவம்.

ஸ்பூலின் அடுத்த பயணம் நகலெடுப்பில் தொடங்குகிறது. ஒரு வீட்டு ஸ்பூலை இன்னொரு ரசிகர் வாங்கிப்போய்ப் பிரதி எடுப்பார், அவரிடமிருந்து வேறொருவர். 1963-ல் பிலிப்ஸ் அறிமுகம் செய்த கேசட் நம் ஊர்க் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்தப் போக்குவரத்து பல மடங்கானது. ஸ்பூல் நாடாவின் அகலம் 6.35 மில்லிமீட்டர், கேசட் நாடாவுக்கு 3.81 மட்டுமே. ஓடும் வேகமும் விநாடிக்கு 4.75 சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு நகலிலும் நாடாவின் இரைச்சல் கூடி, தம்புராவின் மேல் ஒலிகள் மங்கின. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பக்கம் திருப்பும் இடத்தில் ராகம் தானம் பல்லவியின் நடுப்பகுதி காணாமல் போனது. அந்தப் பதிவு அப்படியே மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் பெட்டிகளில் பயணம் செய்து, பிறகு எம்பி3 ஆகச் சுருங்கி, இன்று எல்லார் கைபேசியிலும் இருக்கிறது. வழியில் உதிர்ந்தவை உறையில் எழுதியிருந்த ஊர், தேதி, பக்கவாத்தியக்காரர்கள் பெயர்.

ஒரே கச்சேரிக்கு நான்கு பிரதிகள் கையில் இருந்தால் எது நல்லது? இரைச்சல் குறைந்ததைத்தான் எல்லாரும் கை காட்டுவார்கள். நான் முதலில் பார்ப்பது சுருதியை.

நாடா ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் ஒரு கட்டை ஒன்றரைக் கட்டையாகிவிடும். 180 நிமிடக் கச்சேரி 170 நிமிடத்தில் முடிந்துவிடும். தம்புரா, வயலின், மிருதங்கம் எல்லாமே சேர்ந்து உயர்வதால் அபசுரம் எதுவும் தட்டாது. ஆனால் பாடகர் குரலில் பத்து வயது குறையும், விளம்ப காலம் நிதானத்தை இழக்கும், கமகத்தின் அசைவு பதற்றமாகும். நாயனத்தில் கெடுதல் இன்னும் அதிகம். குட்டையான, சுருதி உயர்ந்த திமிரிக்கு மாற்றாக, நீண்ட, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைப் பரவலாக்கியவர் ராஜரத்தினம் பிள்ளை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் அந்தக் குழலின் கனம்தான் அவர் தோடிக்கு உடம்பு. நாடா வேகமாக ஓடினால் பாரியில் திமிரியின் சாயல் ஏறிவிடும். இரைச்சல் எவ்வளவு குறைந்திருந்தாலும் அந்தப் பிரதி அவரைக் காட்டாது.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க, நாம் தொந்தரவு என்று நினைக்கும் ஒன்றே உதவுகிறது. பழைய பதிவுகளின் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒலிக்குள் கசிந்தது அது. கணினியில் அலைவரிசைப் படத்தை விரித்தால் மெல்லிய கோடாகத் தெரியும். கோடு 50-க்குப் பதில் 53-ல் இருந்தால், நாடா ஆறு சதவீதம் விரைந்திருக்கிறது. 50-லும் 53-லும் இரண்டு கோடுகள் தெரிந்தால், மூலப் பதிவில் ஒரு முனகலும் நகலெடுத்தபோது இன்னொன்றும் சேர்ந்திருக்க வேண்டும். அதாவது இது நகலின் நகல். அந்தக் கால மின்சாரம் எப்போதும் சரியாக 50-ல் நின்றதில்லை என்பதால், வித்வான் வழக்கமாக எந்தச் சுருதியில் பாடுவார் என்று தெரிந்த ஒரு காதும் கூடவே வேண்டும்.

இரைச்சலைத் துடைக்கிறேன் என்று மென்பொருளைக் கண்மூடித்தனமாக ஓட்டுபவர்கள் முதலில் அழிப்பது இந்தக் கோட்டைத்தான். பிறகு தம்புராவின் ஜீவா, சீவாளிக்குள் மூச்சு நுழையும் ஓசை, வயலினில் வில் திரும்பும் உரசல் எல்லாம் போகும். அதிகம் தீட்டிய அரிசியில் தவிட்டோடு சத்தும் போவதுபோல, வெள்ளையாக ஒரு ஒலி மிஞ்சும்.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவினர், தங்கள் கச்சேரியைப் பதிய வருபவர்களுக்கென்றே 1984-ல் அரங்கில் தனி இடம் ஒதுக்கினார்கள். அந்த ரசிகர்கள் எந்த மைக், எந்தக் கருவி, எத்தனையாவது நகல் என்று நாடாவோடு வம்சாவளியையும் எழுதிக் கைமாற்றினார்கள். நம்மவர்களின் ரசனை அதற்குச் சற்றும் குறைந்ததில்லை. எழுதி வைக்கும் பழக்கம்தான் குறைவு. அந்தப் பழக்கம் இருந்திருந்தால் ஒரே கச்சேரி இரண்டு வித்வான்களின் பெயரில் உலவாது.

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ பரண் மேல் ஸ்பூல் வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் இருக்கக்கூடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நாடா பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். அதைப் பழைய டேப்ரிக்கார்டரில் நேரே போட்டால் அறுந்துவிடும். பழக்கமுள்ளவரிடம் கொடுத்து, எதையும் துடைக்காமல், உள்ளது உள்ளபடி 24 பிட் வேவ் கோப்பாக மாற்றச் சொல்லுங்கள். உறையில் இருக்கும் எழுத்தைப் படம் எடுத்து அதோடு சேருங்கள். வித்வானின் குடும்பத்துக்குத் தெரியப்படுத்தி ஒரு பிரதி கொடுங்கள். பாடியவர்களுக்குச் சேரவேண்டிய மரியாதை அது. ஆவணக் காப்பகம் ஒன்றுக்கும் ஒரு பிரதி போகட்டும். கேட்பதற்கு இதமாகத் திருத்திய பிரதியை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். மூலத்துக்கு மிக அருகில் நிற்கும் பிரதியை இழந்துவிட்டால், எந்தத் தொழில்நுட்பமும் அதைத் திருப்பித் தராது.