லோகோ

குழந்தைகள் கற்பதற்கென 1967-இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட கணினி நிரல்மொழி. வாலி ஃபோய்ர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் இதன் முதன்மை வடிவமைப்பாளர்கள். செயற்கை நுண்ணறிவு ஆய்வில் பயன்பட்ட லிஸ்ப் மொழியின் வழிவந்த இது, எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் வளர்ச்சி பெற்றது.

இதன் தனி அடையாளம் ‘ஆமை’. தரையில் கோடு வரைந்து நகரும் எந்திரமாகத் தொடங்கி, பின்னர் திரைக்குறியாக மாறியது. 100 அலகு முன்னே சென்று 90 பாகை வலப்புறம் திரும்பும் கட்டளையை நான்கு முறை இயக்கினால் சதுரம் கிடைக்கும். உருவம் பிசகினால், குழந்தை தானே ஆமைபோல் நடந்து பார்த்துக் கட்டளையைத் திருத்தலாம். பிழைதிருத்தத்தையே கற்றலாகக் கொண்டதுதான் இம்மொழியின் சிறப்பு. ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜேயுடன் பணியாற்றிய பேப்பர்ட், இக்கொள்கையை ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ (1980) நூலில் விளக்கினார்.

எழுத்தறியாத மழலையருக்காக 1970-களில் ரேடியா பெர்ல்மன் பொத்தான்களாலும் அட்டைகளாலும் ஆமையை இயக்கும் ‘டார்டிஸ்’ கருவியை அமைத்தார். பிற்காலத்தில் கணினி வலையமைப்புத் துறையில் புகழ்பெற்றவரும் இவரே. ஆட்டிச நிலையிலுள்ள குழந்தைகளுக்கு லோகோவைப் பயன்படுத்தும் ஆய்வில் சில்வியா வியர் ஈடுபட்டார்.

லோகோ கற்றோரின் திட்டமிடும் திறன் பிற செயல்களுக்கும் தானாகவே பரவுவதில்லை என 1984-இல் ராய் பீ, மிடியன் கர்லாண்ட் ஆகியோரின் ஆய்வு சுட்டியது. லோகோ கற்பிப்பில் ஆசிரியர் வழிகாட்டல் எந்த அளவு தேவை என்ற விவாதம் இதனால் வலுத்தது. மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ‘ஸ்கிராட்ச்’ நிரல்மொழி லோகோ மரபைச் சார்ந்தது.