மேடைக்குப் பின்னிருந்தோர்: கிரேட்ஃபுல் டெட் ரசிகர் மரபின் வளர்ச்சி, 1965–1995

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு 1965இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில் உருவானது. ஜெர்ரி கார்சியா, பாப் வெயர், ஃபில் லெஷ், பில் குரூட்ஸ்மன், ரான் மெக்கெர்னன் ஆகிய ஐவர் அதன் முதல் உறுப்பினர்கள். முப்பதாண்டுகளில் இக்குழு ஏறத்தாழ 2,300 கச்சேரிகளை நடத்தியது. ஊர் ஊராக அதைப் பின்தொடர்ந்த ரசிகர்கள் ‘டெட்ஹெட்’ என்று அழைக்கப்பட்டனர். இவர்களுடைய பற்று பாடகர்களோடு நிற்கவில்லை. ஒலியமைத்தவர், சுமை இறக்கியவர், கடிதங்களைப் பிரித்தவர், ஒலிநாடாக்களைக் காத்தவர் எனத் திரைக்குப் பின்னால் உழைத்தவர்களையும் ரசிகர்கள் பெயர் சொல்லி அறிந்திருந்தனர். ஒரே பாடலை ஒவ்வொரு இரவும் வேறு விதமாக வாசிப்பது இக்குழுவின் இயல்பு. அந்தந்த இரவின் இசை ரசிகரின் காதுக்கும் பின்னர் அவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது பணியாளர்களின் உழைப்பினால்தான். அவர்கள் மீதான மதிப்பு இங்கிருந்தே பிறந்தது.

கரடியும் மண்டையோடும்

தொடக்க ஆண்டுகளில் குழுவுக்குப் பண உதவி செய்து, ஒலிப் பொறுப்பையும் ஏற்றவர் ஆவுஸ்லி ஸ்டான்லி. எல்எஸ்டி என்ற போதைப்பொருளைத் தயாரித்தவராகவும் பெயர் பெற்ற இவரை நண்பர்கள் ‘கரடி’ என்ற பட்டப்பெயரால் அழைத்தனர். தம் ஒலியமைப்பில் எங்கே குறை இருந்தது என்று பிறகு கேட்டுத் திருத்திக்கொள்ளவே ஒவ்வொரு கச்சேரியையும் அவர் நாடாவில் பதிவு செய்தார். வேலைக் குறிப்பாகத் தொடங்கிய இந்தப் பழக்கம் பின்னாளில் குழுவின் பெரும் ஒலிக் களஞ்சியத்துக்கு அடித்தளமானது.

பல குழுக்கள் வாசிக்கும் விழாக்களில் கருவிப் பெட்டிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவது வழக்கம். தங்கள் பெட்டிகளைத் தொலைவிலிருந்தே அடையாளம் காண ஒரு குறி தேவை என்று 1969இல் ஸ்டான்லி கருதினார். அவர் சொன்ன யோசனையை ஓவியர் பாப் தாமஸ் வரைந்தார். சிவப்பும் நீலமுமான வட்டத்தின் நடுவே மின்னல் பாய்ந்த அந்தக் குறியில் பின்னர் மண்டையோடும் சேர்ந்தது. 1973இல் வெளியான ஓர் இசைத்தட்டின் பின்னட்டைக்கு, ஸ்டான்லியின் பட்டப்பெயரை வைத்து, தாமஸ் வரிசையாக நடைபோடும் கரடிகளை வரைந்தார். சாமான் பெட்டிக்கு இட்ட குறியும் ஒலிப் பணியாளரின் பட்டப்பெயரும் ரசிகர்களின் சட்டைகளிலும் கார் கண்ணாடிகளிலும் இன்றுவரை தொடர்கின்றன.

கடிதங்கள் வழியே ஒரு சமூகம்

1971இல் வெளிவந்த நேரலை இசைத்தட்டின் உறைக்குள், ரசிகர்கள் தங்கள் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்புமாறு ஓர் அழைப்பு அச்சிடப்பட்டிருந்தது. கடிதங்கள் குவிந்தன. அவற்றைப் பிரித்து, முகவரிப் பட்டியலாக்கி, பல ஆண்டுகள் பராமரித்தவர் அலுவலகப் பணியாளர் ஐலீன் லா. இப்பட்டியலில் இருந்தவர்களுக்குச் செய்தி மடல்கள் சென்றன. கூட்டம் பெருகினால் பெரிய அரங்கம் வேண்டும், பெரிய அரங்கத்துக்குக் கூடுதல் கருவிகள் வேண்டும், கருவிகளுக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு மேலும் கச்சேரிகள் வேண்டும் என்ற சுழலைத் தன் வாலைத் தானே கவ்வும் பாம்பின் படத்தோடு ஒரு மடல் விளக்கியது. தன் கணக்கு வழக்கை ரசிகரிடம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய ராக் குழுக்கள் அக்காலத்தில் அரிது.

பணியாளர்களுக்குக் குழுவுக்குள் இருந்த இடமும் தனித்தன்மை உடையது. 1967இல் சேர்ந்த லாரன்ஸ் ஷர்ட்லிஃப், ‘ராம்ராட்’ என்று அறியப்பட்ட மேடைப் பணியாளர். குழுவின் நிறுவனத்துக்கே தலைவர் பொறுப்பை வகித்தவர். கூட்டங்களில் பணியாளர்களின் குரலுக்கும் இசைக் கலைஞர்களின் குரலுக்கும் இடம் இருந்தது. 1976இல் கார் விபத்தில் இறந்த ரெக்ஸ் ஜாக்சன் என்ற பணியாளரின் பெயரையே, 1983இல் தொடங்கிய தன் அறக்கட்டளைக்குக் குழு சூட்டியது.

ஒலிச் சுவர்

பணியாளர்களின் உழைப்பு ரசிகர்களின் கண்முன் மலைபோல் எழுந்து நின்ற ஆண்டு 1974. அதுவரை பெரிய அரங்கங்களில் கூட்டத்துக்கான ஸ்பீக்கர்கள் மேடையின் முன்புறம் இருந்தன. கலைஞர்களுக்குத் தனி ஸ்பீக்கர்கள் தேவைப்பட்டன. கலைஞர் கேட்பதும் கூட்டம் கேட்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது ஸ்டான்லியின் கொள்கை. அவரும் டான் ஹீலியும் அலெம்பிக் நிறுவனத்தின் ரான் விக்கர்ஷாம் உள்ளிட்ட தொழில்நுட்பர்களும் சேர்ந்து ‘ஒலிச் சுவர்’ எனப் பெயர் பெற்ற அமைப்பை உருவாக்கினர். 1974 மார்ச் 23 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவை அடுத்த கவ் பேலஸ் அரங்கில் அது முழு வடிவில் அரங்கேறியது.

சுமார் 600 ஸ்பீக்கர்களும் 26,000 வாட்டுக்கு மேற்பட்ட ஆற்றலும் கொண்ட அந்தச் சுவர் கலைஞர்களுக்குப் பின்னால் நின்றது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஸ்பீக்கர் வரிசை இருந்ததால் ஒலிகள் ஒன்றில் ஒன்று கலந்து சிதையவில்லை. பின்னாலிருந்து வரும் ஒலி பாடகரின் மைக்கில் நுழைந்தால் கூச்சலிடும். அதைத் தடுக்க ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக்குகள் எதிரெதிர் முனைவில் இணைக்கப்பட்டன. ஒன்றில் மட்டும் பாடகர் பாடுவார்; இரண்டிலும் சமமாக விழும் சுற்றுப்புற ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

ஏறத்தாழ 75 டன் எடையுள்ள இந்த அமைப்பைப் பூட்டிக் கழற்றுவது நெடுநேர வேலை. ஆகவே ஓர் ஊரில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த ஊரில் சாரம் எழுப்ப இரண்டு மேடைத் தொகுதிகள் தேவைப்பட்டன. செலவும் களைப்பும் கூடின. அதே ஆண்டு அக்டோபரில் வின்டர்லேண்ட் அரங்கில் ஐந்து இரவுகள் வாசித்துவிட்டுக் குழு ஓய்வெடுத்தது. 1976இல் எளிய கருவிகளோடு மீண்டும் பயணம் தொடங்கியது. சில மாதங்களே நிலைத்த அந்தச் சுவர் ரசிகர் நினைவில் ஒரு காவியமாகவே தங்கிவிட்டது.

ஒலிநாடாப் பரிமாற்றம்

1970களின் தொடக்கத்தில் ரசிகர்கள் பதிவுக் கருவிகளை ஒளித்து எடுத்துவந்து கச்சேரிகளைப் பதிவு செய்தனர். பணியாளர்கள் அவற்றைப் பறித்ததும் உண்டு. 1971இல் நியூயார்க்கில் லெஸ் கிப்பல் இலவச ஒலிநாடாப் பரிமாற்றச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதன் வழியே 1974இல் ஒரு ரசிகர் இதழும் பிறந்தது. விற்கக் கூடாது, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளலாம் என்பதே பரிமாற்றத்தின் அறம். மைக் கம்பங்கள் பார்வையை மறைப்பதாகப் புகார் வளர்ந்தபோது, 1984 அக்டோபரில் மிக்ஸர் மேசைக்குப் பின்னால் பதிவாளர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. அன்று முதல் ரசிகரும் ஒலிப் பொறியாளரும் ஒரே திசையில் காது கொடுத்து அருகருகே நின்றனர்.

பணியாளர்கள் செய்த பதிவுகளில் பெட்டி கான்டர்-ஜாக்சனின் நாடாக்களுக்குத் தனி மதிப்பு உண்டு. 1986இல் அவருடைய நாடாப் பெட்டிகள் ஏலத்தில் போயின. அவற்றின் பிரதிகள் ரசிகர்களிடையே பரவியபோது, அவை அவர் பெயராலேயே வழங்கின. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மண்டபத்தில் அவர் பதிவு செய்த கச்சேரி, பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. டிக் லட்வாலாவின் வரலாறு எதிர்த்திசையில் செல்கிறது. நாடா சேகரிக்கும் ரசிகராக இருந்த அவர், 1980களின் நடுவில் குழுவின் ஒலிக் காப்பகப் பொறுப்பாளரானார். 1993இல் அவர் தேர்வில் தொடங்கிய இசைத்தட்டு வரிசை 36 தொகுதிகள் வரை வளர்ந்தது.

டிக்கெட் உறைகளும் பெருங்கூட்டமும்

1983இல் குழு அஞ்சல் வழியே நேரடியாக டிக்கெட் விற்கத் தொடங்கியது. ரசிகர்கள் மணியார்டரோடு அனுப்பிய உறைகளில் மண்டையோடுகளையும் ரோஜாக்களையும் கரடிகளையும் வண்ணத்தில் வரைந்தனர். உறையைப் பிரிக்கப்போகும் அலுவலகப் பணியாளரின் கண்ணில் படவே அந்த ஓவியங்கள் தீட்டப்பட்டன.

1987இல் குழுவின் ஒரு பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 9ஆம் இடம் பிடித்தது. அதன்பின் டிக்கெட் இல்லாதவர்களும் அரங்க வாசலில் பெருந்திரளாகக் கூடினர். வாகன நிறுத்துமிடங்கள் சந்தைகளாயின; 1989இல் அங்கே கடை போடவும் கூடாரம் அடிக்கவும் குழு தடை விதித்தது. அதே ஆண்டு கோடையில் சமூகவியலாளர் ரெபெக்கா ஆடம்ஸ் தம் மாணவர்களைச் சுற்றுப்பயணத்துக்கே அழைத்துச் சென்று இந்த ரசிகர் சமூகத்தை ஆராய்ந்தார். 1995 ஜூலை 2 அன்று இண்டியானாவில் ஒரு கூட்டம் வேலியை உடைத்து நுழைந்ததால் மறுநாள் கச்சேரி நின்றது. ஜூலை 9 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் நடந்ததே கடைசிக் கச்சேரி. ஆகஸ்ட் 9 அன்று கார்சியா காலமானார். டிசம்பரில் குழு கலைந்தது.

எஞ்சியவை

2008இல் குழு தன் ஆவணங்களைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்துக்கு வழங்கியது. ரசிகர்கள் ஓவியம் தீட்டிய உறைகளும் அங்கே காக்கப்படுகின்றன. 2015 ஜூலையில் எஞ்சிய உறுப்பினர்கள் அதே சோல்ஜர் ஃபீல்டில் மூன்று நாள் விடைபெறும் கச்சேரி நடத்தினர். டிக்கெட்டுகளின் ஒரு பகுதி பழைய முறைப்படி அஞ்சலில் விற்கப்பட்டது. இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் உறைகள் வண்ண ஓவியங்களோடுதான் வந்து சேர்ந்தன.